பட்டாசு ஊரில் பேட்டரி சைக்கிள்!

பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஆனால், எச்சரிக்கை வேண்டும்!

பொழுது விடிந்துகொண்டிருக்கிறது.

கையில் தூக்குச்சட்டி. தோளில் துண்டு. ஆண்களும் பெண்களும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

இது எம். புதுப்பட்டி. விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். இந்தப் பகுதி கரிசல் காடு. மழை குறைவு, வெயில் அதிகம். பயிருக்கு ஆகாத வெயில், பட்டாசு காய்வதற்கு ஆகும். அந்த வெயிலை நம்பித்தான் இங்கே பட்டாசுத் தொழில் வளர்ந்தது.

பட்டாசு ஆலைகள் ஊருக்குள் இருப்பதில்லை. தள்ளி, காட்டுக்குள் இருக்கும். விபத்து நடந்தால் வீடுகளுக்கு ஆபத்து வரக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த இடைவெளி.

ஆனால், தொழிலாளி தினமும் அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டுமே! எப்படிக் கடப்பது?

சில ஆலைகள் வேன் அனுப்பும். எல்லா ஆலைகளும் அனுப்புவதில்லை. பஸ் பெரிய ரோட்டோடு போய்விடும். மொபெட்டுக்குப் பெட்ரோல் போட வேண்டும். சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம். ஆனால், கால் வலிக்கும்.

இந்த நிலையில்தான் மின்சார சைக்கிள் வந்தது. "இனிக் கவலை இல்லை" என்று பலரும் நினைத்தார்கள். உண்மையிலேயே கவலை இல்லையா?

ஒரு குடும்பம்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர். இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்றால் நோய்க்குக் கொடுக்கும் மருந்து அல்ல, வெடிமருந்து! மனைவி வீட்டில் காகிதக் குழாய் உருட்டுகிறாள். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை.

வீட்டிலிருந்து ஆலை 9 கிலோமீட்டர். போக வர 18 கிலோமீட்டர். கணவன் ஒரு மின்சார சைக்கிள் வாங்கி வருகிறார்.

"ஏங்க, இதுக்கு நம்பர் பிளேட்டே இல்லையே! போலீஸ் பிடிக்காதா?" என்று மனைவி கேட்கிறாள்.

பிடிக்காது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் இத்தகைய சைக்கிளுக்குப் பதிவு எண் தேவையில்லை. ஓட்டுகிறவருக்கு லைசென்சும் தேவையில்லை. 'வேகத்தைக் கூட்டித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் மட்டும் இணங்கக் கூடாது. இந்த எல்லையைத் தாண்டினால், அது சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும்.

சைக்கிள் நன்றாக ஓடியது. பெடலை மிதித்தால் மோட்டார் துணைக்கு வருகிறது. எதிர்க்காற்றிலும் கால் வலிக்கவில்லை. ஒரு தடவை சார்ஜ் ஏற்ற ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்கும் குறைவு.

"கறவை மாடு மாதிரி. தீனி கொஞ்சம்; பால் நிறைய!" என்று கணவன் சொல்லிச் சிரித்தார்.

முள் குத்தியது!

முதல் தொல்லை மோட்டாரால் வரவில்லை, முள்ளால் வந்தது.

இந்தப் பகுதி முழுவதும் சீமைக் கருவேலம். வண்டிப் பாதையில் அதன் முள் கிடக்கும். பின் டயரில் குத்திவிட்டது. சாதாரண சைக்கிள் என்றால் பஞ்சர் ஒட்டுவது சின்ன வேலை. ஆனால், இந்தப் பின் சக்கரத்தின் நடுவில்தான் மோட்டார் இருக்கிறது. அதிலிருந்து வயர் வேறு வருகிறது.

சைக்கிள் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, இது கரண்டு வண்டி. கழட்டிட்டு மாட்டத் தெரியாம மாட்டிட்டா என்னைக் குத்தம் சொல்லாதீக" என்றார்.

சக்கரத்தைக் கழற்றத் தேவையே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, முள் குத்திய இடத்தில் டியூபை மட்டும் வெளியே இழுத்துப் பஞ்சர் ஒட்டிவிடலாம். அன்று அப்படித்தான் ஒட்டினார்கள். ஆனால், அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. மருந்து வேலை, வெயில் ஏறுமுன் செய்கிற வேலை. தாமதமாகப் போனால் அரை நாள் கூலி போச்சு!

ஆகவே, மின்சார சைக்கிள் வைத்திருப்பவர் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் முள் எளிதில் இறங்கும். மோட்டாருக்கும் பாரம் கூடும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

குடமும் தண்ணீரும்

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வருகிறபோது, ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் மோட்டார் நின்றுவிட்டது.

அன்று ஆடி மாதம். மேல்காற்று எதிரே அடிக்கிறது. பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்த்துச் சாதாரண சைக்கிளைவிட எடை அதிகம். மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கியது.

ஏன் நின்றது? பேட்டரியை ஒரு தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல மின்சார சைக்கிள்களில் இருப்பது 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. இதுதான் குடத்தின் கொள்ளளவு. ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 15 வாட்-மணி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 24 கிலோமீட்டர் ஓடலாம். போக வர 18 கிலோமீட்டர்தானே? தாராளமாகப் போதும்.

ஆனால், இந்தக் குடம் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிற குடம்! லித்தியம் பேட்டரி, பல நூறு தடவை முழுதாக ஏற்றி இறக்கியபின் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். குடம் பாதியாகச் சுருங்கினால் 12 கிலோமீட்டர்தான். போகும்போது 9, திரும்பும்போது 3. மீதி 6 கிலோமீட்டருக்குக் கால்தான் கதி!

குடத்தைச் சீக்கிரம் சுருக்குவது எது? வெயில்!

ஆலை வாசலில் நாள் முழுவதும் சைக்கிள் வெயிலில் நிற்கிறது. பேட்டரி கொதிக்கிறது. வீட்டுக்கு வந்ததும், அந்தச் சூட்டோடு சார்ஜரை மாட்டுகிறார்கள். பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. வேப்ப மர நிழலோ, ஒரு ஓலைக் கொட்டகையோ இருந்தால் பேட்டரியின் ஆயுள் கூடும். வீட்டுக்கு வந்தபின் அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

"ஆலையிலேயே சார்ஜ் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கூடாது! பட்டாசு ஆலையில் தீப்பெட்டிக்கும் செல்போனுக்கும் வாசலோடு சரி. பேட்டரிக்கும் அதே சட்டம்தான் பொருந்தும். சார்ஜ் ஏற்றுவது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான ஆபத்துக் காத்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியில்...

புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டதும் கணவனுக்குத் தலை சுற்றியது. சைக்கிள் விலையில் பெரும் பங்கு பேட்டரியின் விலைதான். கூலி வேலைக்காரர் உடனே எடுத்து வைக்கிற பணமா அது?

யாரோ ஒருவர் வழி சொன்னார். "வேற சார்ஜர் ஒண்ணு தர்றேன். சீக்கிரம் ஏறும். ராத்திரி பூராப் போட்டு வைங்க. காலையில ஃபுல்லா இருக்கும்."

அது 48 வோல்ட் பேட்டரிக்கு உரிய சார்ஜர். 36 வோல்ட் பேட்டரிக்கு உரிய சார்ஜர் 42 வோல்ட்டோடு நின்றுவிடும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜரோ 54 வோல்ட்டுக்கு மேல் தரும். கொள்ளாத குடத்தில் மேலும் மேலும் ஊற்றுவது போன்றது அது. குடத்துத் தண்ணீர் வழிந்து போகும். பேட்டரியில் வழிவது நெருப்பு!

பேட்டரிக்குள் ஒரு காவல்காரன் உண்டு. அது ஒரு சிறிய மின்சுற்று. அளவுக்கு மேல் ஏறினால் தடுத்துவிடும். ஆனால், மலிவான பேட்டரியில் அந்தக் காவல்காரன் தூங்கிவிடலாம். சிலவற்றில் அவன் இருப்பதே இல்லை!

அன்று இரவு. ஒரே அறை வீடு. குழந்தை பாயில் தூங்குகிறது. கணவன் பேட்டரியைக் கழற்றிவந்து, கட்டிலுக்கு அடியில் வைத்து, புது சார்ஜரை மாட்டப் போனார்.

மனைவி தடுத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கிறேன். ஆலையில மிச்சமான மருந்தை ராத்திரி ரூமிலேயே விட்டுட்டு வருவீங்களா?"

"அது எப்படி? மிச்ச மருந்தை வைக்கவே கூடாது. போர்மேன் தொலைச்சிடுவாரு."

"மிச்ச மருந்துக்கு அவ்வளவு பயப்படுறீங்க. இதுவும் ஒரு மருந்துதானே? இதைப் புள்ள தலைமாட்டில வைக்கிறீங்களே!"

கணவன் கையில் இருந்த பிளக் அப்படியே நின்றது.

வேலூரில் நடந்தது

அந்த மனைவி சொன்னது வீண் பயம் அல்ல.

2022 மார்ச் மாதம். வேலூரில் ஒரு வீட்டில் மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டிருந்ததாகச் செய்திகள் கூறின. வண்டி தீப்பிடித்தது. புகை வீட்டை நிறைத்தது. தந்தையும், 13 வயது மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

அதே ஆண்டில் நாட்டின் வேறு பல இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. மத்திய அரசு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. மின்சார வாகனங்களின் பேட்டரிக்குக் கடுமையான சோதனை விதிகள் வந்தன. 2022 டிசம்பரில் ஒரு பகுதியும், 2023 மார்ச் இறுதியில் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் இருக்கிறதே, அங்கே வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகள் மின்சார சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். இரவில் அடுக்குமாடி வீட்டுக்குள் சார்ஜ் ஏற்றுவார்கள். 2023-ம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரியால் அந்த நகரத்தில் 268 தீ விபத்துகள்! 18 பேர் உயிர் இழந்தார்கள். பரிசோதித்துச் சான்று பெற்ற பேட்டரியைத்தான் விற்க வேண்டும் என்று அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது.

நியூயார்க் ஆனாலும் வேலூர் ஆனாலும் பேட்டரி ஒன்றுதான். அதன் குணமும் ஒன்றுதான்.

பட்டாசும் பேட்டரியும்

வெடிமருந்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சாதாரண நெருப்பு எரிய வெளிக் காற்று வேண்டும். காற்றை அடைத்தால் நெருப்பு அணைந்துவிடும். வெடிமருந்து அப்படி அல்ல. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் வெடியுப்பு அதற்குள்ளேயே கலந்திருக்கிறது. மூடி அடைத்தாலும் எரியும்.

லித்தியம் பேட்டரியும் கிட்டத்தட்ட அந்தச் சாதிதான். உள்ளே சூடு எல்லை மீறினால், அந்தச் சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். பேட்டரி என்பது பல சிறிய மின்கலங்களின் தொகுப்பு. ஒரு கலத்தில் பிடித்த தீ பக்கத்துக் கலத்துக்குத் தாவும். சரவெடியில் ஒன்று வெடித்ததும் அடுத்தது வெடிக்கிறது அல்லவா? அதைப் போல! அதிலிருந்து வரும் புகையும் நச்சுப் புகை.

அப்படியானால் மின்சார சைக்கிளே வேண்டாம் என்பதா? அல்ல! வெடிமருந்தோடு தினமும் பழகுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆலையில் கடைப்பிடிக்கும் விதிகளை வீட்டிலும் கடைப்பிடித்தால் போதும்.

ஆலை விதி: வெயில் ஏறிய பிறகு மருந்தைத் தொடாதே.
வீட்டு விதி: சூடான பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாதே.

ஆலை விதி: மிச்ச மருந்தை அறையில் விட்டுவிட்டுப் போகாதே.
வீட்டு விதி: ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியை விட்டுவிட்டுத் தூங்காதே.

ஆலை விதி: அறையின் வாசலில் எதையும் அடைத்து வைக்காதே.
வீட்டு விதி: வீட்டின் ஒரே வாசலில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடாதே. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும்.

ஆலை விதி: ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காராதே.
வீட்டு விதி: எல்லோரும் படுக்கும் அறையில் பேட்டரியை வைக்காதே.

ஆலை விதி: தெரியாத மருந்தைக் கலக்காதே.
வீட்டு விதி: வேறு சார்ஜரை மாட்டாதே. கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியையும், உப்பிய பேட்டரியையும் உபயோகிக்காதே.

இத்தனைக்கும் மேல் புகை வந்துவிட்டால்? வண்டியைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. ஆளைக் காப்பாற்ற வேண்டும். எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். 101-க்குப் போன் செய்து தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

காரைக்குடிக்கும் பங்கு உண்டு

இந்தப் பேட்டரி எங்கிருந்து வந்தது தெரியுமா?

மின்சார சைக்கிள் புதிய யோசனை அல்ல. 1895-ம் ஆண்டிலேயே ஓக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் அதற்கு உரிமை பதிவு செய்தார். ஆனால், அன்று தகுந்த பேட்டரி இல்லை. ஈயமும் அமிலமும் கொண்ட பழைய வகைப் பேட்டரிதான் இருந்தது. கனம் அதிகம். இன்றும் விலை குறைந்த சில வண்டிகளில் அந்த வகை இருக்கிறது.

1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்தது. அதற்கு அடிப்படை போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான குட்இனஃபுக்கு அப்போது வயது 97!

நம் பக்கத்துக் காரைக்குடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வள்ளல் அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே எழுந்தது. 1953-ல் திறக்கப்பட்டது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியிலும் அந்த நிலையம் ஈடுபட்டிருக்கிறது.

பழுதான பேட்டரியை என்ன செய்வது? குப்பையில் போடக் கூடாது. பழைய இரும்புக் கடையில் உடைத்துப் பிரிக்கவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சி செய்வதற்கோ புதுப்பிப்பதற்கோ அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுவது நல்லது.

திண்ணையில் வெளிச்சம்

எம். புதுப்பட்டியில் நாம் பார்த்த அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று?

மறுநாளே கணவன் அந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீட்டுப் பணம் வந்ததும், வண்டியோடு வந்ததைப் போன்ற பேட்டரியையே, ரசீது வாங்கிக்கொண்டு வாங்கினார்.

இப்போது அவர் மாலையில் வந்ததும் சைக்கிளைத் திண்ணை ஓரம் நிறுத்துகிறார். முகம் கழுவுகிறார், காப்பி குடிக்கிறார். அதற்குள் பேட்டரி ஆறிவிடுகிறது. பிறகு திண்ணையில் வைத்து சார்ஜ் போடுகிறார். பக்கத்தில் துணியோ காகிதமோ கிடையாது. மனைவி உருட்டிய குழாய்க் கட்டுகள் உள்ளே போய்விட்டன.

குழந்தை அந்த வெளிச்சத்தில் பாடம் படிக்கிறாள். படித்து, சாப்பிட்டு, பேசி முடிக்கிறபோது சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாக மாறுகிறது.

"அப்பா! பச்சை எரியுது!" என்கிறாள் குழந்தை.

கணவன் எழுந்து பிளக்கைப் பிடுங்குகிறார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் படுக்கப் போகிறார்கள்.

ஆலையில் மருந்துக்கு மரியாதை கொடுக்கிறவர், வீட்டில் பேட்டரிக்கும் மரியாதை கொடுக்கிறார். அந்த மரியாதை இருக்கும் வரை மின்சார சைக்கிள் நல்ல வேலைக்காரன்!